ரேமில் எழுதிய திருத்தம்

என் மாப்ள சூசைக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்டால்தான் என்ன, நீ என்ன பதில் போட்டு என்னைச் சங்கடப்படுத்தவா போகிறாய்? நல்லா இருக்கியா மாப்ள? நான் அவ்வளவு நன்றாக இல்லை.

நீ போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தை நம் பாலிடெக்னிக் பழைய மாணவர் மலருக்காக எழுதுகிறேன். உனக்கு எழுதுவதை ஊரே படிக்கப் போகிறது. ஏன் அப்படி என்று பிறகு சொல்கிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லவேண்டி வரும். பொறுத்துக்கொள். வகுப்பில் பாதி நேரம் தெரிந்த பாடத்துக்குத்தானே உட்கார்ந்திருந்தோம்.

கடை இன்னும் நாகல்நகரில் அதே மாடியில்தான் இருக்கிறது. கீழே இருந்த சைக்கிள் கடை செல்போன் கடையாகிவிட்டது. ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் போகிறது என்று கேட்காதே, எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று கேள். அதனால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. இன்வெர்ட்டர் ரிப்பேர், யுபிஎஸ் ரிப்பேர், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது. கம்ப்யூட்டர் கர்னலை எழுப்புன எங்க மச்சான் இப்ப பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறாருடோய் என்று நீ கடை கடையாகப் போய்ச் சொல்லியிருப்பாய்.

போன மாதம் ஒரு காலேஜில் இருந்து பழைய போர்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கேபிளை மாட்டி கரண்ட் கொடுத்தேன். முதல் தடவையிலேயே எழுந்துவிட்டது. 'மாப்ள!' என்று சத்தமாகக் கூப்பிட்டு உன் நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அப்புறம் சோல்டரிங் அயனை ஆஃப் பண்ணிவிட்டு, கடையைப் பூட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சும்மா நடந்து போய்விட்டு வந்தேன்.

படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் நீயும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. படித்து முடித்து ஊர் சுற்றி, தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு பேருமாக இந்தக் கடையைப் போட்டோம். நான் கம்பி, சென்சார், சோல்டரிங். நீ கம்ப்யூட்டருக்குள்ளே நடக்கிற அத்தனையும். கடையைப் பற்றிப் பேச எங்கள் வீட்டுக்கு வந்தவன், என் தங்கச்சி பிலோமி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, மூன்றே மாதத்தில் எனக்கு மாப்பிள்ளையாகிவிட்டாய். கூட்டாளியைச் சேர்த்தேனா, தங்கச்சியைத் தாரை வார்த்தேனா என்று நான் அடிக்கடி கேட்பேன். ரெண்டும் ஒரே பில்லுதான் மச்சான் என்பாய்.

இனி நாம் செய்த அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நெய்க்காரப்பட்டியை ஒட்டி ஒரு பால் குளிரூட்டும் நிலையம். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் காலையும் மாலையும் ஊற்றுகிற பால், ஒரு பெரிய எஃகுத் தொட்டியில் சேரும். அது நாலு டிகிரிக்குக் குளிர்ந்து, டேங்கர் லாரி வரும்வரை அப்படியே நிற்க வேண்டும். தொட்டிக்குள் ஒரு சென்சார் சூட்டைப் பார்த்துச் சொல்லும். சூடு ஏறினால் குளிர்விக்கிற மெஷினை ஓடவிடுவதும், நாலுக்கு வந்ததும் நிறுத்துவதும்தான் நம் பொட்டியின் வேலை.

முதலில் நாம் செய்த பொட்டியில் ஹார்ட் டிஸ்க் இருந்தது. டிஸ்கில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது சொல்லிவைத்த மாதிரி கரண்ட் போகும். திரும்ப வந்தால் பொட்டி எழாது. டிஸ்கில் கோளாறு, சரிசெய்யட்டுமா வேண்டாமா என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டு நிற்கும். அதற்குப் பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? ஒரு தடவை நாம் போய்ப் பார்த்தபோது வாட்ச்மேன் பொட்டிக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் நீ சொன்னாய். "எழுதுனாத்தானே மச்சான் கெடும்? எழுதவே வேணாம். எல்லாத்தையும் ரேமுக்குள்ளயே வச்சுருவோம்."

எனக்கு நீ விளக்கிச் சொன்ன விதத்திலேயே இங்கே சொல்கிறேன். பொட்டிக்குள் டிஸ்கே கிடையாது. ஃபிளாஷ் என்கிற சின்ன சிப்பில் இரண்டே சாமான். ஒன்று கர்னல், அதாவது பொட்டியை ஆளுகிற மூல புரோகிராம். இன்னொன்று, அந்தக் கர்னல் குடியிருக்க வேண்டிய வீடு. ஃபைல்கள், மற்ற புரோகிராம்கள், அமைப்புகள் எல்லாவற்றையும் அமுக்கிச் சுருட்டி ஒரே இமேஜாக வைத்திருப்போம். கரண்ட் வந்ததும் கர்னல் ரேமுக்குள், கரண்ட் இருக்கும்வரை மட்டுமே ஞாபகம் நிற்கிற இடத்துக்குள், எழுந்திருக்கும். எழுந்ததும் அந்த இமேஜையும் ரேமிலேயே விரித்து, அதையே தன் ரூட்டாக, எல்லாவற்றுக்கும் வேராக, ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடங்கும். கரண்ட் போனால் ரேமில் விரித்தது மொத்தமும் போய்விடும். போகட்டும். திரும்ப வரும்போது சிப்பில் இருப்பதைப் புதுசாக விரித்துக்கொள்ளும். சிப்பில் யாரும் எழுதுவதில்லை என்பதால் அது கெடுவதும் இல்லை.

கேட்பதற்குச் சுலபம். மூன்று வாரம் உன்னைப் படுத்தி எடுத்தது. கர்னல் பாட்டுக்கு எழும், வரி வரியாக ஓடும், கடைசியில் ரூட்டைக் காணோம் என்று பேனிக் ஆகி நின்றுவிடும். நீ சோறு தண்ணி மறந்தாய். மாடி வீட்டு ஓனர், அந்தக் காலத்தில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர், வாடகை வாங்க வந்தபோது உன் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். "பூட் ஆக மாட்டேங்குது அண்ணாச்சி" என்றாய். "ஏலே, ஒரு பூட்டுக்கா மூணு வாரம்? எம் பட்டறைல ஒரு நாளைக்கு முப்பது போடுவோம்ல" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்றைக்கு உனக்கு அவ்வளவு வெறுப்பு.

காரணம் என்னவென்றால், ரேம் டிஸ்குக்கென்று கர்னல் தானாக ஒதுக்குகிற இடம் நாலு எம்பி. நீ கட்டி வைத்திருந்த வீடு எட்டு எம்பி. இமேஜ் பெரிசாக இருக்கிறது என்று அதுவும் ஒரு வரியில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஓடுகிற வேகத்தில் நமக்குக் கண்ணில் படவில்லை. கர்னலுக்குக் கொடுக்கிற கட்டளையில் அந்த அளவை மாற்றிச் சொன்னதும் மளமளவென்று ஓடி வந்து, திரையில் ஒற்றைக் குறியோடு அமைதியாக நின்றது. என்ன வேலை சொல்லு என்று கேட்கிற குறி. நீ அதில் ஒன்றுமே தட்டாமல் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு வீட்டுக்குப் போன் போட்டு, "பிலோமி, எந்திரிச்சிருச்சு புள்ள" என்றாய். யாருக்கோ உடம்பு தேறிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாளாம்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அந்தப் பொட்டி ஒரு நாளும் படுக்கவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போனாலும் நாலு தடவையும் ஒழுங்காக எழுந்து நின்றது. வாட்ச்மேன் ஊதுபத்தியை நிறுத்திவிட்டார்.

இப்போது நம்முடைய அந்தக் கேடுகெட்ட சிரிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடை போட்ட புதிதில் எனக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லை. ஒரு நாள் நீ அவசரமாக, "சேவ் பண்ணியா மச்சான்?" என்று கேட்டாய். நான் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "காலைலயே பண்ணிட்டேனே, மொழுமொழுன்னு இருக்கே" என்றேன். ஃபைலைத்தான் கேட்கிறாய் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. நீ மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாய். அன்றிலிருந்து அதுவே நமக்கு வாடிக்கை. சேவ் பண்ணியா என்று நீ கேட்பதும், மொழுமொழுன்னு பண்ணிட்டேன் என்று நான் சொல்வதும். அதைச் சொல்லிவிட்டால் அந்த விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

அந்தப் புதன்கிழமை உனக்குக் காய்ச்சல். நெஞ்சு வேறு பிடித்த மாதிரி இருக்கிறது, கேஸாகத்தான் இருக்கும் என்று சோடா குடித்துவிட்டு வீட்டில் படுத்திருந்தாய். நெய்க்காரப்பட்டியில் சென்சார் பழுது என்று போன் வந்தது. கம்பி வேலைதானே, நானே போனேன். புதுச் சென்சாரை மாட்டிப் பார்த்தால் அது மூன்று டிகிரி குறைத்துக் காட்டியது. பால் ஏழில் இருந்தால் நாலு என்று சொன்னது. உனக்குப் போன் போட்டேன். அதுக்குன்னே ஒரு ஃபைல் இருக்கு, அதுல திருத்தம்னு ஒரு வரி இருக்கும், பூஜ்யத்தை எடுத்துட்டு மூணுன்னு போடு மச்சான் என்றாய். லேப்டாப்பை மாட்டி, அந்த ஃபைலைத் திறந்து, மூன்று என்று போட்டேன். உடனே பொட்டி சரியாகக் காட்டியது. எனக்கு ஒரே பெருமை.

"சேவ் பண்ணியா மச்சான்?" என்றாய் போனில்.

"மொழுமொழுன்னு பண்ணிட்டேன்" என்றேன்.

நீ சிரித்தாய், உடனே இருமல் வந்தது. போனை வைத்துவிட்டாய். அந்தச் சிரிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் அடுத்த கேள்வியை நீ கேட்டிருப்பாய். எங்கே சேவ் பண்ணின, இமேஜ்லயா என்று கேட்டிருப்பாய். நான் பேந்தப் பேந்த முழித்திருப்பேன். நீ என்னைத் திட்டிவிட்டு, எழுந்து உட்கார்ந்து, முறையாகச் செய்ய வைத்திருப்பாய். இல்லையா?

நான் எழுதியது ரேமில். ஓடிக்கொண்டிருந்த வீட்டின் சுவரில் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். கரண்ட் போனால் அந்தச் சுவரே இருக்காது. நிலைக்க வேண்டுமென்றால் சுருட்டி வைத்த இமேஜைத் தனியாக விரித்து, அதற்குள்ளே போய் மாற்றி, மறுபடி சுருட்டி, சிப்பில் ஏற்ற வேண்டும். அதை நீ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய்? இந்த வாயால் அதைத்தான் நானும் வருகிற போகிறவர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். எழுதினால் தங்காது, அதுதான் எங்கள் பொட்டியின் விசேஷம் என்று. அதை மறந்தவனும் நான்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அங்கே கரண்ட் போய் வந்திருக்கிறது. பொட்டி வழக்கம்போல ஒழுங்காக எழுந்திருக்கிறது, திருத்தம் பூஜ்யம் என்ற பழைய ஃபைலோடு. பால் ஏழில் நிற்க, நாலுக்கு வந்துவிட்டது என்று மெஷினை நிறுத்தியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் டேங்கர்காரன் சோதித்துப் பார்த்துவிட்டு, பாலை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஒரு தொட்டிப் பால் மொத்தமும் வாய்க்காலில் போனது.

மேனேஜர் உன் வீட்டுக்குத்தான் போன் செய்திருக்கிறார். அவர் எப்போதும் பதறிப் பேசாத ஆள். பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார்: "ஏனுங்க, நாலுன்னு காட்டிக்கிட்டே பாலைத் திரிய வச்சுப்போட்டுதுங்களே உங்க பொட்டின்னு கேட்டனுங்க. அவரு ஒண்ணுமே மறுத்துப் பேசலீங்க. நான் வாரேன்னு மட்டும் சொன்னாருங்க."

நீ எனக்குப் போன் பண்ணவில்லை. அரை மைல் தூரத்தில்தான் இருந்தேன். ஏன் மாப்ள பண்ணவில்லை? கூப்பிட்டால் நான் வெட்கப்படுவேன் என்று நினைத்தாயா? இல்லை, இவன் போனால் இன்னொரு குளறுபடி பண்ணுவான் என்று நினைத்தாயா? இரண்டாவது என்றால்கூட எனக்குப் பரவாயில்லை. சொல்லியிருக்கலாம்.

லேப்டாப் உன் வீட்டில்தான் இருந்தது. புதன்கிழமையே கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். அரை மணி நேரம் ஏதோ தட்டியிருக்கிறாய். காய்ச்சலோட எங்க போறீங்க என்று பிலோமி வாசலை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நீ அவளிடம் சொன்னதை அவள் என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். "எந் தப்புதான் புள்ள. நான்தான் ஒண்ணை மறந்துட்டேன். போய்ச் சரிபண்ணிட்டு மதியத்துக்குள்ள வந்துருவேன்."

பழனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாய். ரெட்டியார்சத்திரம் தாண்டி டிக்கெட் கேட்டபோது கொடுத்திருக்கிறாய். ஒட்டன்சத்திரத்தில் பஸ் நின்றபோது கண்ணை மூடியிருந்தாயாம், தூங்குகிறார் என்று கண்டக்டர் எழுப்பவில்லை. பழனியில் எல்லாரும் இறங்கின பிறகு தோளைத் தட்டியிருக்கிறார். மடியில் லேப்டாப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று சொன்னார். பையில் இருந்த கடை அட்டையைப் பார்த்து எனக்குத்தான் போன் வந்தது.

டாக்டர் ஹார்ட் அட்டாக் என்றார். வீட்டில் படுத்திருந்தாலும் வந்திருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் ஐந்து வருஷமாகப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

துக்கத்துக்கு மேனேஜரும் வந்திருந்தார். நல்ல மனுஷர். சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, "தங்கமான ஆளுங்க. பொட்டிதான் கடைசில கழுத்தறுத்துப்போட்டுச்சுங்க" என்றார். அவர் வருத்தத்தில் சொன்னது. ஆனால் அது அப்படியே ஊருக்குள் நின்றுவிட்டது. சூசை செய்த பொட்டி பாலைக் கெடுத்துவிட்டது, அதைச் சரிபார்க்கப் போன இடத்தில் சூசை செத்துப்போனான் என்று. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். அப்போது எனக்கே விஷயம் தெரியாது. நானும் பொட்டியைத்தான் நொந்துகொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் பொட்டியைக் கழற்றி பஸ்ஸில் போட்டு அனுப்பினார்கள். கடையில் வைத்து கரண்ட் கொடுத்தேன். கர்னல் எழுந்தது. இமேஜை விரித்தது, ரூட்டை ஏற்றுக்கொண்டது, குறியைக் காட்டிவிட்டு நின்றது. ஒரு குறையும் இல்லை. அந்த ஃபைலைத் திறந்தேன். திருத்தம், பூஜ்யம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உன் லேப்டாப்பையும் திறந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் நீ கட்டிய புது இமேஜ் ஒன்று இருந்தது. அதை விரித்து உள்ளே போய்ப் பார்த்தேன். திருத்தம், மூன்று. பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு: மச்சான் சொன்ன மூணு.

அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது. மேனேஜரின் போனை வைத்த அந்த நிமிஷமே, நான் எங்கே எழுதிவிட்டு வந்திருக்கிறேன் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் என் தங்கச்சியிடம் உன் தப்பு என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறாய். அண்ணன்மேல் அவளுக்குக் கோபம் வரக்கூடாது என்றா? இல்லை, சும்மா வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு ஓடினாயா? மதியம் வந்து சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்று நினைத்தேன். அப்புறம் அவள் உடம்பு தேறட்டும் என்று நினைத்தேன். அவள் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பட்டும், வருஷம் திரும்பட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு இருந்தது. சூசை பொட்டி என்று யாராவது கேலியாகச் சொன்னால் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன். கோழை என்று நீ என்னைத் திட்டலாம். தாராளமாகத் திட்டு.

பிலோமி உன்மேல் கோபமாக இருந்தாள் மாப்ள. அழுது பார்த்திருக்கிறேன், முதல் சில மாதம். அதற்கப்புறம் அழுகை போய் ஒரு மாதிரி இறுகிவிட்டாள். வெள்ளையடிக்க உன் போட்டோவைக் கழற்றியவள், திரும்ப மாட்டவே இல்லை. டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாள். உன் பேச்சை எடுத்தால் உன்னை வைதுவிட்டு எழுந்து போய்விடுவாள்.

போன கல்லறைத் திருநாளுக்கு இரண்டு பேருமாகத்தான் போனோம். கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தியும் செவ்வந்திப் பூவும் ஜனமுமாக இருந்தது. அவரவர் கல்லறையில் அவரவர் குடும்பம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துவிட்டு, சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"செத்த நேரம் இருந்துட்டுப் போவோம் பிலோமி" என்றேன்.

"இருந்து என்னண்ணே செய்ய? அவரு வேலையை அவரு ஒழுங்காப் பாத்திருந்தா அன்னைக்குக் காச்சலோட பஸ் ஏறிருக்க வேணாம். மறந்துட்டேன்னு எம்புட்டு லேசாச் சொன்னாரு தெரியுமா? மறக்குற ஆளா அவரு? என் கொலுசு எந்தக் கடைல எந்த வருசம் வாங்குனதுன்னு சொல்ற மனுசன். அந்த ஒண்ணுல மட்டும் எப்படிண்ணே மறந்தாரு?"

அவள் பதிலுக்காகக் கேட்கவில்லை. முன்னால் நடந்து போய்விட்டாள். நான் மட்டும் உன் பக்கத்தில் நின்றேன். உன் பெயர் எழுதிய கல்லைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அடுத்த ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் பொட்டியையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வெஞ்சனத்துக்குக் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். கூடத்தில் வைத்து, கரண்ட் கொடுத்து, எல்லாவற்றையும் காட்டினேன். பூஜ்யத்தைக் காட்டினேன். உன்னுடைய மூன்றையும் பக்கத்தில் இருந்த குறிப்பையும் காட்டினேன். நான் புதன்கிழமை என்ன செய்துவிட்டு வந்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் டீச்சர் அல்லவா, நடுவில் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சேதான் எங்கிட்ட அப்படிச் சொன்னாரா?"

"ஆமா பிலோமி."

அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அஞ்சு வருசமா அந்த மனுசனை வஞ்சுக்கிட்டே இருந்திருக்கேண்ணே. செத்தவரை. தெனமும் வஞ்சிருக்கேன். நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

மன்னிச்சிரு என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவளே பேசினாள்.

"எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது. ஊரே அவரு பொட்டியைத்தான் சொல்லுது. நீங்க வாயால சொன்னா நாலு பேரு கேப்பாக, மறந்துருவாக. எழுதிப் போடுங்க. உங்க காலேஜு மலர்ல, எல்லாரும் படிக்கிற எடத்துல போடுங்க. அதுவரைக்கும் இந்த வீட்டுப் பக்கம் வராதீங்கண்ணே."

என்னை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் தேவலை.

லேப்டாப்பை எடுத்து வைத்தேன். பொட்டி அங்கேயே இருக்கட்டும் என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது, உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. தெருமுனை போவதற்குள் ஆணி அடிக்கிற சத்தம். இரண்டு அடி சுவரில் விழுந்தால் ஒரு அடி வேறெங்கோ விழுந்தது. சின்னப் பிள்ளையில் இருந்தே அவளுக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாது. அந்த வீட்டு ஆணியெல்லாம் நீ அடித்தது, இல்லையென்றால் நான் அடித்தது. திரும்பிப் போய், கொண்டா நான் அடிக்கிறேன் என்று சொல்லக் கால் தவித்தது. போகவில்லை. சத்தம் நிற்கும்வரை அந்த வெயிலில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் கடைக்கு வந்தேன், ஞாயிற்றுக்கிழமை என்பதையும் மறந்து.

அதிலிருந்து மூன்று மாதமாக அவளை நேருக்கு நேர் பார்க்கவில்லை. ஞாயிறு பூசையில் அவள் பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருப்பாள். நான் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு, அவள் வெளியே வருவதற்கு முன்னால் போய்விடுவேன். நீயும் இல்லை, அவளும் பேசுவதில்லை. இந்த ஊரில் என்னை மச்சான் என்றோ அண்ணே என்றோ கூப்பிட இப்போது யாரும் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் சார் என்கிறார்கள்.

அவளோடு வேலை பார்க்கிற டீச்சரம்மா ஒருவர் இன்வெர்ட்டர் சரிசெய்யக் கடைக்கு வந்தார். பிலோமி டீச்சர் இப்பல்லாம் அவக வீட்டுக்காரரைப் பத்தி ரொம்பப் பேசுறாக சார், ஏதோ பொட்டி செஞ்சாராமே, பொய் சொல்றதுல அவரு ராசாவாமே என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போனபிறகு செத்த நேரம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள் மாப்ள. எனக்கு அது போதும் என்று சொல்ல ஆசைதான். ஆனால் போதவில்லை.

ஆகையால் படிக்கிறவர்களுக்கு ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நெய்க்காரப்பட்டியில் அன்றைக்குப் பால் திரிந்தது சூசையின் பொட்டியால் அல்ல. அவன் கட்டிய கர்னலும் இமேஜும் கடைசி நாள் வரை ஒரு பிழையில்லாமல் எழுந்து நின்றன. திருத்தத்தை ரேமில் எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்தவன் இந்த லூர்து. தெரிந்தும் ஐந்து வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தவனும் அவன்தான்.

மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதி மேனேஜருக்குத் தபாலில் போகும். இன்னொன்றை எடுத்துக்கொண்டு பிலோமி வீட்டுக்கு நானே போவேன். அவள் கதவைத் திறந்தால் உள்ளே போவேன். திறக்காவிட்டால் ஜன்னல் வழியாக வைத்துவிட்டு வருவேன், அடுத்த ஞாயிறு மறுபடி போவேன். இனிமேல் யாராவது உன் பொட்டியைக் குறைத்துப் பேசினால், கல்யாண வீடோ இழவு வீடோ, அந்த இடத்திலேயே எழுந்து நின்று என் பெயரைச் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. நீயும் எனக்கு ஒன்று செய் மாப்ள. காய்ச்சலோடு அன்றைக்கு என் தப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாயே, அதை இறக்கி வை. அது என்னுடையது.

அவள் அண்ணன் இல்லை என்று சொல்லிவிட்டாலும்
உனக்கு மச்சானாகவே இருக்கிற,
லூர்து